முதலில் பெட்டி, பிறகு கணிப்பொறி

பணி அனுபவங்களை எழுதுகிறவர் தலை நரைத்தவராக இருப்பது வழக்கம். எனக்கு வயது இருபத்து மூன்று. ஆயினும் இந்த வாரத்தோடு வீடியோ ஸ்டுடியோவின் தலைப்பு மேசையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். ஆய்வுப் படிப்புக்காகப் புதுவை போகிறேன். எனக்குப் பின் அந்த மேசைக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏதாவது சொல்லிவிட்டுப் போகும்படி ஸ்டுடியோவை நடத்தும் ஸ்டெல்லா அக்கா கேட்டுக்கொண்டார். "வாயத் தொறந்து சொல்ல மாட்ட. எழுதியாவது வெச்சுட்டுப் போ, தமிழு" என்பது அவர் கேட்டுக்கொண்ட முறை. தமிழ் இலக்கியம் படிப்பதால் ஸ்டுடியோவில் எனக்கு அதுதான் பெயர்.

எந்த விசையை அழுத்தினால் எது வரும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் விரல்களே கற்றுக்கொள்ளும். விரல்கள் கற்றுக்கொள்ளாத ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வந்த அன்றே நீங்கள் அந்தப் பழைய கணிப்பொறியைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிக்கத் தக்கதுதான். விசைப்பலகைக்குள்ளேயே முழு உடலும் அடங்கியது. தனக்கென்று திரை இல்லாமல் ஏதேனும் ஒரு டிவியை அண்டிப் பிழைப்பது. எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு வீட்டார் பிள்ளைகள் விளையாடுவதற்காக வெளிநாட்டிலிருந்து தருவித்தார்களாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கணிப்பொறி வளரவில்லை. விழுப்புரத்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அக்காவின் அண்ணன் அதை வாங்கி, திண்டிவனம் கிளைக்கு அனுப்பினார். அப்போது இது அவருடைய கிளை. அக்கா அதைப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவே.

திருமண வீடியோக்களுக்குத் தலைப்பு எழுதுவது என் வேலை. கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தையும் நான் புள்ளி புள்ளியாக வரைந்து கற்பித்தேன். 'ட' ஒரு கட்டத்தில் நிம்மதியாக உட்காரும். 'ண' உட்காராது, அதற்கு இரண்டு வீடு ஒதுக்க வேண்டும். மற்ற ஸ்டுடியோக்கள் அட்டையில் எழுதிப் படம்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் மணமக்களின் பெயர்கள் மட்டும் திரையில் ஒளிர்ந்தன.

ஒரு குறை இருந்தது. கணிப்பொறியின் நினைவில் நான்கைந்து தலைப்புப் பக்கங்களே தங்கும். மற்றவற்றை ஒலிநாடாவிலிருந்து ஏற்ற வேண்டும். அதுவும் பதிவு செய்த வரிசையில்தான் வரும். திருமணத்துக்கு இது பொருட்டில்லை. பதிவை நிறுத்தி, பக்கத்தை ஏற்றி, மறுபடி தொடங்கலாம். தாலி கட்டியது கட்டியதுதான், எங்கும் போய்விடாது.

தொண்ணூற்றாறில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். திண்டிவனத்தில் முகூர்த்த மாதங்களில் மட்டுமே வேலை இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் வேலை ஒன்று கிடைக்காவிட்டால் மாதா கோயில் திருவிழாவோடு கிளையை மூடிவிட்டு, சாமான்களை விழுப்புரத்துக்கு ஏற்றிவிடுவது என்று. அக்காவையும் சேர்த்துத்தான். "அங்க வந்து கல்லாவுல உக்காரு, போதும்" என்றாராம். காமிராவைத் தோளில் தூக்கி மண்டபம் மண்டபமாகப் போன ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா அது? அக்கா எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

அந்த வாரம்தான் கேபிள் டிவி பாஸ்கர் அண்ணன் வந்தார்.

"யக்கா, இந்த வருசம் தேர் பவனிய லைவா வுடறேன். அனுப்பறது என் பொறுப்பு, படமும் எழுத்தும் உங்க பொறுப்பு. ஒழுங்கா வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழம ப்ரோகிராம் பூராத்தையும் உங்க கிட்டயே குடுத்துடறேன். வருசம் பூரா."

"சொதப்பிச்சுன்னா?"

"சொதப்பிச்சுன்னா நான் ஊரை வுட்டு ஓடணும். போன வருசம் மேட்டுத் தெரு பேரு வராம போயிட்டதுக்கு, அவனுங்க ராவோட ராவா என் ஒயர அறுத்துக்கினு போயிட்டானுங்க. ஒரே பேஜாரு."

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒவ்வொரு தேரையும் ஒவ்வொரு தெரு எடுக்கிறது. மின்விளக்கு, பூ, மேளம் எல்லாம் அந்தத் தெருவின் பொறுப்பு. பெருமையும் அந்தத் தெருவினுடையது. ஒரு தேர் காமிராவுக்கு முன்னால் வரும்போது அந்தத் தெருவின் பெயர் திரையில் தோன்ற வேண்டும். முன்னால் தோன்றினால் அடுத்தவன் தேரைத் தங்களுடையதாகக் காட்டியதாகச் சண்டை. பின்னால் தோன்றினால் மரியாதைக் குறைவு என்று சண்டை.

"போட்டுடலாம்" என்றார் அக்கா.

பாஸ்கர் அண்ணன் போனபின் நான் சொன்னேன்: "அக்கா, நாடா போட்ட வரிசையிலதான் வரும். தேர் போட்ட வரிசையில வராது."

அக்கா கணிப்பொறியின் பக்கம் திரும்பினார். "இது கூடவே ஒரு பெட்டி வந்துச்சு. என்னாத்துக்குன்னு தெரியாம எங்க அண்ணன் வூட்டுல நெல்லு மூட்டைக்குப் பின்னால போட்டு வெச்சிருக்குது. அதுக்கு ஏதாவது வேலை இருக்குமா?"

இருந்தது. அது ஒரு விரிவாக்கப் பெட்டி. கூடுதல் நினைவும் ஃபிளாப்பி வட்டு ஓட்டியும் உள்ளே கொண்டது. கணிப்பொறியோடு அதைச் சேர்த்துவிட்டால், எந்தப் பக்கத்தை எந்த நேரத்தில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். நாடாவுக்கும் ஃபிளாப்பிக்கும் உள்ள வேறுபாடு, மனப்பாடம் செய்தவனுக்கும் படித்துப் புரிந்துகொண்டவனுக்கும் உள்ள வேறுபாடு.

விழுப்புரத்திலிருந்து அதைப் பேருந்தில் கொண்டுவந்தோம். இரும்புப் பெட்டி, இருவர் மடியில் படுத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா இது, டிவியா? லக்கேஜ் போடணும்" என்றார் நடத்துநர். "டிவி இல்லீங்க, இது கம்ப்யூட்டருக்கு மூளை" என்றார் அக்கா. நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "மூளைக்கு லக்கேஜ் கெடையாது. காலாண்ட தள்ளி வெச்சுக்கோங்க" என்று நகர்ந்தார்.

பொருத்தும்போது இரண்டு செய்திகளைத் தோற்றுத் தோற்றுக் கற்றேன்.

முதலாவது: முதலில் பெட்டி, பிறகு கணிப்பொறி. கணிப்பொறி கண்விழிக்கும்போது ஒரே ஒரு முறைதான் சுற்றும் முற்றும் பார்க்கும். அந்த நேரத்தில் பெட்டி விழித்திருந்தால் உறவு. இல்லாவிட்டால், கம்பியால் பிணைந்தே இருந்தாலும் இரண்டும் அந்நியர்கள்.

இரண்டாவது: பெட்டியின் கம்பி முனையிலிருந்து கணிப்பொறியின் பக்கவாட்டுச் சந்தில் செருகும் அட்டை, மேசை சற்று ஆடினாலே தொடர்பை விட்டுவிடும், திரை முழுவதும் குப்பை எழுத்துகள் கொட்டும். மேசை ஆடாமல் இருக்க நான் என்னென்னவோ செய்தேன். இறுதியில் அக்காவின் வீட்டிலிருந்து ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து, கணிப்பொறியையும் பெட்டியையும் அதன் மேல் சேர்த்துக் கட்டினேன். இப்போதும் மேசை ஆடுகிறது. ஆனால் இரண்டும் சேர்ந்தே ஆடுகின்றன. தடுக்க முடியாத ஆட்டத்தைப் பொதுவாக்கிவிடுவது ஒரு தீர்வு என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. சனிக்கிழமை காலை, புதுப் பொருளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அக்கா கத்தோலிக்கர், சாமியாரை அழைத்துவந்து மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் செய்தார். காமிராக்காரர் குமார் அண்ணன் முருக பக்தர். அவர் தம் பங்குக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கல்லூரியிலிருந்து மதியம் வந்தேன். அண்ணனும் அப்போதுதான் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார்.

"எங்க, போட்டுக் காட்டு பாக்கலாம்."

பெட்டியை இயக்கினேன். விளக்கு எரிந்தது. கணிப்பொறியை இயக்கினேன். பெட்டி என்று ஒன்று உலகில் இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி செய்தேன். மறுபடியும் அதுவே. நேற்று ஓடியது என்று அக்கா சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லின் மதிப்பு குறைந்துகொண்டே போனது.

"நேத்து ஓடுனது இருக்கட்டும். பவனி நாளைக்கு" என்றார் அண்ணன். "ஸ்டெல்லா, வீணா ஊர் முன்னால அவமானப்படாத. திங்கக்கெழம வண்டி அனுப்பறேன். எல்லாத்தையும் ஏத்திடு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. பரிவோடு சொன்னார். அதுதான் அக்காவை உட்காரவைத்தது.

அவர் போனபின் நான் பெட்டியைத் தொடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்: அச்சத்தில் இருக்கும் கை, பழுதை இரண்டாக்கும். எங்கள் தமிழ்த் துறையில் பாடபேதம் பார்ப்பது என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரே நூலின் இரண்டு பிரதிகள் வேறுபட்டால், எது சரி என்று வாதிடுவதற்கு முன், இடையில் ஏட்டைத் தொட்டவர் யார் என்று கேட்பார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் இந்த ஏட்டைத் தொட்டவர் யார்?

"குமார் அண்ணே, காலையில பூஜை போட்டப்ப எதையாவது கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்புடிம்மா? மூஞ்சி உள்ள போய் பூந்துக்கினு இருந்துச்சு. வெளிய இழுத்தேன். தகதகன்னு தங்கமாட்டம் இருந்துச்சா, அங்கதான் பொட்டு வெச்சேன். அப்புறம் இருந்த எடத்துலயே சொருகிட்டனே!"

அட்டையை உருவினேன். மின்தொடர்புக்கான பொன்னிறப் பட்டைகளின் மேல் மூன்று சந்தனப் பொட்டுகள், நடுவில் குங்குமத்தோடு, நன்றாகக் காய்ந்து, மங்களகரமாக இருந்தன.

"அடப் பாவி! மூஞ்சியாம் மூஞ்சி!" அக்கா எழுந்தேவிட்டார்.

"இன்னாக்கா என்னையே சொல்றீங்க? உங்க சாமியார் அந்தத் தண்ணி தெளிச்சாரே, அத்த ஒருத்தரும் கேக்க மாட்டீங்க!"

"அது காத்துல காஞ்சு போச்சுடா. உன் சந்தனம் காஞ்சு சொவராட்டம் நிக்குது!"

ஈரத்துணியால் துடைக்கலாமா என்று கேட்டார்கள்; நான் வேண்டாம் என்றேன். மென்தூரிகையால் உதிர்த்துவிட்டு, பென்சில் ரப்பரால் ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தேன். பட்டைகள் துலங்கின. பெட்டி முதலில், கணிப்பொறி பிறகு. ஃபிளாப்பி முனகியது, பக்கம் வந்தது. குமார் அண்ணன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூஜை போடக் கூடாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் இல்லாத நாளில் போடுவார். மூடியின் நடுவில் ஓர் இடத்தைக் காட்டி, "நெத்தி இதுதான் அண்ணே" என்றேன். இன்றுவரை பொட்டு அங்கேதான் இருக்கிறது. நீங்களும் எதையும் தடுக்காதீர்கள். இடத்தை மாற்றிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கோயில் தெரு திரும்பும் முனையில், மாடியில் பாஸ்கர் அண்ணனின் கேபிள் அறை; பலகையோடு கணிப்பொறியையும் பெட்டியையும் அங்கே ஏற்றியிருந்தோம். வெளித்தாழ்வாரத்தில் காமிராவோடு குமார் அண்ணன். சன்னலில் அக்கா; எந்தத் தெருவின் தேர் வருகிறது என்று சொல்வது அவர் பணி. காமிராவையும் என் பக்கத்தையும் மாற்றி மாற்றி ஊருக்கு அனுப்பும் ஸ்விட்சில் பாஸ்கர் அண்ணன். கீழே தேநீர்க் கடையில் ஒரு டிவியும், அதன் முன்னால் ஒரு கூட்டமும். அக்காவின் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

முதல் மூன்று தேர்கள் எழுதிவைத்த வரிசையில் வந்தன. நான்காவதாக வர வேண்டியது மேட்டுத் தெரு.

"தமிழு, மேட்டுத் தெருத் தேரு நின்னு போச்சு! சீரியல் பல்பு ஒயரு கம்பத்துல மாட்டிக்கிச்சு. பின்னால வந்தவங்க முந்திக்கினு வர்றாங்க!"

"யாரு?"

"கொல்லத் தெரு!"

நாடாவாக இருந்திருந்தால் எங்கள் கதை அங்கே முடிந்திருக்கும். ஐந்தாம் பக்கத்தைக் கேட்டேன், பெட்டி கொடுத்தது. தேர் காமிராவுக்கு நேரே வந்தபோது, கொல்லைத் தெருவின் பெயர் திரையில் நின்றது. பாஸ்கர் அண்ணன் அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் கட்டடத்தில் மட்டும் மின்சாரம் போயிற்று.

ஜெனரேட்டர் உடனே பிடித்துக்கொண்டது. டிவிகள் வந்தன, காமிரா வந்தது, கணிப்பொறியும் வந்தது. ஆனால் பெட்டிக்கும் கணிப்பொறிக்கும் ஒரே நொடியில் உயிர் வந்திருந்தது. மெதுவாக எழும் பெட்டி எழுவதற்குள், கணிப்பொறி சுற்றும் முற்றும் பார்த்து முடித்துவிட்டது. என் திரை வெறுமையாக இருந்தது.

"வுட்டுட்டாங்க, ஒயர எடுத்து வுட்டுட்டாங்க! மேட்டுத் தெரு வருது!" என்றார் அக்கா.

போன ஆண்டு விடுபட்ட அதே தெரு.

"ஏம்மா, ஆன்லதான இருக்குது? தட்டிவுடு! அந்தக் கார்ட கழட்டிச் சொருகு! ஜல்தி, ஜல்தி!" பாஸ்கர் அண்ணனின் கை அட்டையை நோக்கி நீண்டது. மின்சாரம் ஓடும்போது அட்டையை உருவினால் பெட்டி அன்றோடு முடிந்துவிடும்.

"கைய எடுங்க அண்ணே."

அறையில் யாரும் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

வழிகளை எண்ணிப் பார்த்தேன். பெயரே இல்லாமல் தேரைக் காட்டலாம். ஒயர் மறுபடி அறுபடும், கிளையும் மூடப்படும். கையால் தட்டச்சு செய்யலாம். ஆனால் நான் வரைந்த தமிழ் எழுத்துகளே ஃபிளாப்பியில்தான் இருந்தன. ஆங்கிலத்தில்தான் போட முடியும். அந்தத் தெருக்காரர்கள் அதைத் தங்கள் பெயராகவே கொள்ளமாட்டார்கள். எஞ்சியது முறையான வழி ஒன்றே: இரண்டையும் அணைத்து, பெட்டியை எழுப்பி, அது தயாராகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. நெருக்கடியில் மிகக் கடினமான செயல் காத்திருப்பது. சுற்றியிருப்பவர்களுக்கு அது சும்மா இருப்பதுபோலத் தெரியும்.

"அண்ணே, படத்த தேர் மேலேயே வைங்க. நான் சொல்றப்ப மாத்துங்க" என்றேன். இரண்டையும் அணைத்தேன். பெட்டியை இயக்கினேன்.

அந்த வாரத்து ஒத்திகைகளில் எங்களுக்கு ஒரு கணக்கு அமைந்திருந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கடிகாரம் பார்க்க முடியாததால், அக்கா 'அருள் நிறைந்த மரியே' என்ற செபத்தைச் சொல்லுவார். ஒன்று முடியும்போது பெட்டி தயார், கணிப்பொறியை எழுப்பலாம். மேலும் இரண்டு முடியும்போது எழுத்துகள் ஏறியிருக்கும்.

அக்கா தொடங்கினார். தேர் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னதால், சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. பாதி மூச்சில் ஆமென் வந்துவிட்டது.

"அக்கா, இது கணக்குல சேராது. எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"தேரு வந்துக்கினு இருக்குதுடி!"

"வரட்டும். மாதா கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பாஸ்கர் அண்ணன் இந்து. அவரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். முதல் ஆமெனில் கணிப்பொறியை இயக்கினேன். அது கண்விழித்தது. சுற்றும் முற்றும் பார்த்தது. பெட்டியைக் கண்டுகொண்டது. ஃபிளாப்பி முனகத் தொடங்கிய அந்த ஒலியை நான் எந்த இசைக்கும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

மேளம் எங்கள் சன்னலுக்குக் கீழே வந்துவிட்டது. மூன்றாவது ஆமென். பக்கத்தைக் கேட்டேன்.

"இப்ப, அண்ணே."

ஸ்விட்ச் திரும்பியது. மேட்டுத் தெரு, ஆறு எழுத்தும் குறையாமல், 'மே'யின் கொம்பு உட்பட, ஊர் முழுவதும் ஒளிர்ந்தது. தேநீர்க் கடையிலிருந்து எழுந்த கூச்சலில் மேளம் கேட்கவில்லை. "எங்க தெருடா! பாத்துக்கோ, எங்க தெரு!" என்று யாரோ விசில் அடித்தார். சிறிது நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. பாஸ்கர் அண்ணன் முகம் வெளிறி எடுத்தார், கேட்டார், சிரித்தார். "மேட்டுத் தெருவுல இருந்துதான். வூட்டுல இருக்கற கெழவிங்க பாக்கலயாம். இன்னொரு தபா போடச் சொல்றாங்க."

போடவில்லை. இன்னொரு தெருவின் முறை வந்துவிட்டிருந்தது. மீதித் தேர்கள் அனைத்தும் அவரவர் பெயரோடு எங்கள் முனையைக் கடந்து கோயிலுக்குள் போயின.

கடைசித் தேர் போனபின், அக்காவின் அண்ணன் மாடிக்கு வந்தார். அவர் முன்னிலையிலேயே பாஸ்கர் அண்ணன் சொன்னார்: "யக்கா, சொன்ன சொல்லு சொன்னதுதான். ஞாயித்துக்கெழம உங்களோடது. ப்ரோகிராமுக்கு இன்னா பேரு போடறது?"

"நம்ம விழுப்புரம் ஸ்டுடியோ பேரையே போட்டுடலாம்பா" என்று அண்ணன் தொடங்கினார்.

"இருண்ணா" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நாளைக்கு நீ வண்டி அனுப்பறதா சொன்னியே. அத்த வேணாம்னு சொல்லிடு. தமிழு, லைவ் இன்னும் ஓடுது இல்ல? ஒரு பக்கம் எழுது. ஸ்டெல்லா வீடியோ, திண்டிவனம்."

நான் விசைகளின் மேல் கை வைத்தேன். வைத்துவிட்டு, அண்ணனைப் பார்த்தேன். ஒரு கிளையின் பெயரை அதன் உரிமையாளர் எதிரிலேயே மாற்றுவது எளிதன்று. அவர் தங்கையைப் பார்த்தார். பலகையில் கட்டுண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். தம் வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது அதுதானா என்று ஐயுறுபவர்போல மறுபடியும் பார்த்தார்.

"பெருசா போடும்மா" என்றார். "இத்தினி சின்னதா போட்டா கீழ கடையில இருக்கறவனுக்குத் தெரியாது."

எழுத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நான்கு மடங்காக்கினேன். 'ஸ்டெல்லா' மட்டும் ஒரு வரியை முழுதாக நிரப்பியது. பாஸ்கர் அண்ணன் ஸ்விட்சைத் திருப்பினார். கீழே, திருவிழா கலைந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கடை வாசலில் நின்று, அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். அக்கா சன்னலுக்குப் போய், இரண்டாம் முறை படிக்கிறாரா என்று காதுகொடுத்து நின்றார். படித்தார்.